வாடகைக் குடியிருப்புக்கு ஒரு வெப்சைட்: டெல்டா ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கேட்டில் தொங்கும் 'டூ லெட்' பலகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. வீட்டுக்கு ஆள் வந்த அன்றே வாட்ச்மேன் அதைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார். அதே குடியிருப்பின் வெப்சைட்டில் அந்த வீடு எட்டு மாதம் கழித்தும் 'காலி' என்றே நிற்கும். நம்பி போன் செய்பவர், "அது போன தையிலேயே போயிடுச்சே சார்" என்ற பதிலைக் கேட்டபின் அந்த வெப்சைட் பக்கமே திரும்ப மாட்டார். வாடகைக் குடியிருப்புகளின் வெப்சைட்டுகளில் பெரும்பாலானவை கெடுவது இங்கேதான். நிறமோ எழுத்தோ நகரும் படங்களோ பிறகு பார்க்க வேண்டியவை. பலகையைப் போல உடனுக்குடன் மாறுகிற ஒரு பக்கம்தான் முதலில் வேண்டும்.

இந்த வழிகாட்டி 10 முதல் 60 வீடுகள் வரை உள்ள, ஒரே உரிமையாளரோ குடும்பமோ வாடகைக்கு விடுகிற குடியிருப்புகளுக்கு. உதாரணத்துக்குத் தஞ்சாவூரில் 24 வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தை வைத்துக்கொள்வோம்: சிங்கிள் பெட்ரூம் 8, டபுள் பெட்ரூம் 14, டிரிபிள் பெட்ரூம் 2. மயிலாடுதுறையோ மன்னார்குடியோ திருவாரூரோ எதுவானாலும் முறை இதேதான்.

1. முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

டிசைனரைக் கூப்பிடும் முன் இரண்டு வாரம் வாடகை விசாரிக்க வரும் எல்லா போனையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். டெல்டாவில் பொதுவாக இப்படி வரும்: நல்ல தண்ணி வருதா, போர் தண்ணி மட்டுமா? தனி மீட்டரா? அட்வான்ஸ் எத்தனை மாசம்? வாசல் எந்தப் பக்கம்? கார் விட இடம் இருக்கா? கரண்ட் போனா ஜெனரேட்டர் எதுக்கெல்லாம் ஓடும்? மழைக்குத் தெருவுல தண்ணி நிக்குமா? பேச்சலருக்குத் தருவீங்களா?

இந்த நோட்டுதான் உங்கள் வெப்சைட்டின் வரைபடம். பத்துப் பேர் கேட்டது மேலே வர வேண்டும், ஒருவர் மட்டும் கேட்டது கீழே போகலாம். 'நவீன வசதிகளுடன் கூடிய இனிய இல்லம்' பற்றி யாரும் போனில் கேட்பதில்லை. அந்த வரி வெப்சைட்டிலும் வேண்டாம்.

இன்னொன்றையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: கேட்டவர் தனக்காகக் கேட்டாரா, வேறு யாருக்காகவோ கேட்டாரா? மருத்துவக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்காக அப்பா கேட்பார். ரிட்டயரான பெற்றோருக்காகச் சிங்கப்பூரிலிருந்து மகன் கேட்பார். மாற்றலில் வரும் வங்கி ஊழியர் கேட்பார், முடிவு மனைவியிடம் இருக்கும். பார்ப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். ஆகவே ஒவ்வொரு வீட்டின் பக்கமும் வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பக்கூடியதாக, அது ஒன்றைப் படித்தாலே விஷயம் முழுதும் புரிவதாக இருக்க வேண்டும்.

2. பெயரும் சாவியும் உங்கள் கையில்

டொமைன் பெயர், அதாவது வெப்சைட்டின் முகவரி, சிறியதாக, போனில் ஒருமுறை சொன்னால் எழுதிக்கொள்ளும்படி இருக்கட்டும். நடுவில் கோடு, எண் இரண்டும் வேண்டாம். அதைவிட முக்கியம், டொமைனை உரிமையாளரின் மின்னஞ்சலில், உரிமையாளரின் பெயரில் பதிவு செய்வது. டிசைனர் தன் கணக்கில் வாங்கி வைத்துவிட்டு ஊர் மாறிப் போனால், புதுப்பிக்கும் தேதி வரும்போது வெப்சைட்டோடு பெயரும் போய்விடும். டொமைன், ஹோஸ்டிங் (வெப்சைட்டின் கோப்புகளை வைத்திருக்கும் வாடகை இடம்), கூகுள் பிசினஸ் கணக்கு (கூகுள் வரைபடத்தில் குடியிருப்பைக் காட்டுவது) மூன்றின் கடவுச்சொல்லும் உரிமையாளரிடம் இருக்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவைத்தாலும் கார்டு காலாவதியானால் அது வேலை செய்யாது. நாள்காட்டியிலும் குறித்துவையுங்கள்.

3. எத்தனை பக்கம்?

ஆறு வகை போதும்: முகப்பு, காலி வீடுகள், வீட்டுக்கு ஒன்றாகத் தனிப்பக்கம், இடமும் சுற்றுப்புறமும், விதிகளும் கட்டணமும், தொடர்பு. ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு அறிவிப்புப் பக்கம் ஒன்று சேர்க்கலாம். 'எங்களைப் பற்றி' அவசியமில்லை. உரிமையாளரின் படமும் கும்பாபிஷேகத்தில் வாங்கிய பொன்னாடையும் வாடகைக்கு வருபவருக்கு உதவாது.

முகப்பில், போனைக் கையில் எடுத்ததும் விரலால் தள்ளாமலே தெரிய வேண்டியவை ஐந்து. குடியிருப்பின் பெயர். இடம், தெரிந்த அடையாளத்தோடு. இன்று எத்தனை வீடு காலி. வாடகை எதிலிருந்து எதுவரை. போன், வாட்ஸ்அப் என இரண்டு பட்டன். தானாக நகரும் படவரிசையை எடுத்துவிடுங்கள். இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, பக்கம் திறக்கத் தாமதமாவதுதான் மிச்சம். திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்கும் வெப்சைட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து வீடு தேடுகிறவரை நினைத்துப் பாருங்கள்.

4. காலி நிலவரம்: ஒரே ஒரு ஷீட்

முழு வெப்சைட்டின் உயிர் இதுதான். வீட்டு நிலவரத்தை மாற்ற டிசைனருக்கு போன் போட வேண்டிய நிலை இருந்தால், அது மாறாது. மேனேஜர் தன் போனிலேயே மாற்ற வேண்டும், அதற்கு அரை நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது.

எளிய வழி ஒரு கூகுள் ஷீட். வீட்டுக்கு ஒரு வரிசை, மொத்தம் 24. பத்திகள்: வீட்டு எண், மாடி, வகை, வாசல் திசை, உள்ளளவு சதுர அடி, வாடகை, மெயின்டனன்ஸ், நிலை, காலியாகும் தேதி, கடைசியாகச் சரிபார்த்த தேதி. நிலை என்ற பத்தியில் கையால் தட்டச்சுச் செய்ய விடாதீர்கள். 'காலி', 'காலியாகப் போகிறது', 'பேசி முடிந்தது', 'குடியிருக்கிறார்கள்' என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வையுங்கள். 'காலி' என்பதற்குப் பின்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால்கூட வெப்சைட் அந்த வீட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இந்தத் தவறு வாரம் தவறாமல் நடக்கும்.

ஷீட்டை வெப்சைட் நேரடியாகப் படித்துக் காட்டும்படி டிசைனரிடம் செய்து வாங்குங்கள். வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸிலும் முடியும், கையால் எழுதிய சாதாரணப் பக்கத்திலும் முடியும். மாற்றியது தெரியச் சில நிமிடம் ஆகலாம், பரவாயில்லை. கூடவே ஒரு விதியையும் எழுதச் சொல்லுங்கள்: 'கடைசியாகச் சரிபார்த்த தேதி' 7 நாளைத் தாண்டினால், 'காலி' என்பதற்குப் பதிலாக 'போனில் கேட்டு உறுதி செய்யவும்' என்று தானாக மாற வேண்டும். மேனேஜர் கல்யாணத்துக்குப் போய்விட்டாலும் வெப்சைட் பொய் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. வெப்சைட் படிக்கிற ஷீட்டை இணைப்பு தெரிந்த யாரும் திறக்க முடியும். குடியிருப்பவர்களின் பெயர், போன் நம்பர், பாக்கித் தொகை எதுவும் அதில் இருக்கக் கூடாது. அந்தக் கணக்குக்கு வேறு ஷீட், வேறு பகிர்வு. ஒரே ஷீட்டில் இரண்டாவது தாளாக ஒளித்துவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

வீடு போய்விட்டால் அதன் பக்கத்தை அழிக்க வேண்டாம். யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பு கிடக்கும். 'இந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள், இதே அமைப்பில் அடுத்து காலியாவது சி-104, அக்டோபரில்' என்று காட்டினால், தாமதமாக வந்தவரும் கைவிட்டுப் போக மாட்டார்.

5. ஒரு வீட்டின் பக்கம், கிட்டத்தில்

இப்படி எழுதுங்கள்:

பி-203. இரண்டாவது மாடி, கிழக்கு வாசல், டபுள் பெட்ரூம்.
காலியாகும் நாள்: ஆகஸ்ட் 10. பார்க்க வரும் நேரம்: காலை 9 முதல் 11, மாலை 4 முதல் 6.
உள்ளளவு 640 சதுர அடி. ஹால் 16×11 அடி, கிச்சன் 10×8, பெட்ரூம் 12×11, 11×10. பாத்ரூம் 2, ஒன்று இந்தியன், ஒன்று வெஸ்டர்ன்.
வாடகை 12,000. மெயின்டனன்ஸ் 1,500 (தண்ணீர், லிஃப்ட், வாட்ச்மேன், குப்பை, பொது விளக்கு எல்லாம் சேர்த்து). அட்வான்ஸ் 36,000. குடிவரும் அன்று கொண்டுவர வேண்டிய மொத்தம் 49,500.
கரண்ட்: தனி மீட்டர். பில்லை நீங்களே கட்டலாம்.
தண்ணீர்: குடிக்க மாநகராட்சிக் குழாய். புழங்க போர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 620, ஜூனில் பார்த்தது.
ஜெனரேட்டர்: லிஃப்ட், மோட்டார், வீட்டுக்கு 2 லைட், 2 ஃபேன். ஏசிக்குக் கிடையாது.
பார்க்கிங்: கார் 1, டூவீலர் 2.
ஒரு குறை: மேற்குப் பக்க பெட்ரூமில் ஏப்ரல், மே மாலைகளில் சூடு தெரியும்.

கடைசி வரியை எழுத உரிமையாளர்கள் தயங்குவார்கள். எழுதுங்கள். வீட்டைப் பார்க்க வந்து, குறையைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறவர்களின் எண்ணிக்கை குறையும். மற்ற வரிகளையும் நம்ப வைப்பது அந்த ஒரு வரிதான்.

சதுர அடி பற்றி: படிக்கட்டையும் சுவர்க் கனத்தையும் சேர்த்து 900 என்று போட்டால், டேப்போடு வருகிறவரிடம் மாட்டிக்கொள்வீர்கள். சுவருக்குள் அளந்ததை மட்டும் சொல்லுங்கள். அறை அளவு அடியில் இருக்கட்டும். கட்டில் 6¼ அடி, பீரோ 3 அடி என்றுதான் மனசுக்குள் கணக்குப் போடுவார்கள், மீட்டரில் அல்ல.

'குடிவரும் அன்று மொத்தம்' என்ற வரி இல்லாத பக்கமே இருக்கக் கூடாது. வாடகை 12,000 என்று பார்த்து வந்தவரிடம் அங்கே வைத்து மெயின்டனன்ஸைச் சொன்னால், ஏமாற்றியதாகத்தான் எடுத்துக்கொள்வார். பெயின்ட் அடிக்கும் செலவைக் காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பீர்கள் என்றால், எவ்வளவு என்பதை இங்கேயே எழுதிவிடுங்கள். காலி செய்யும் நாளில் வரும் சண்டைகளுக்குப் பெரும்பாலும் விதை இதுதான்.

தனி மீட்டர் கேள்விக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்கே கிடைக்கும். ஒரே மீட்டரை வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலித்தால் கிடைக்காது. எது உங்கள் ஏற்பாடோ அதை நேராகச் சொல்லுங்கள்.

தண்ணீருக்கு 'சுவையான குடிநீர்' என்று எழுதினால் டெல்டாவில் யாரும் நம்ப மாட்டார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் உப்பு கரிப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே குடிக்கக் கொள்ளிடத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதா என்பதே முதல் கேள்வி. ஒரு சின்ன டிடிஎஸ் மீட்டர் வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போர் தண்ணீரை அளந்து, மாதத்தோடு பக்கத்தில் போடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை அனுமதி. 620 என்று வெளிப்படையாகச் சொல்கிற வீட்டை, எதையும் சொல்லாத வீட்டைவிட அதிகம் நம்புவார்கள்.

விதிகள் பக்கத்தில் ஒப்பந்தத்தைப் பற்றி நாலு வரி போதும். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 'பதிவு செய்து தருவோம், செலவு இன்னார் பொறுப்பு' என்று எழுதிவிட்டால், வாடகை ரசீதும் முகவரிச் சான்றும் தேவைப்படும் மாதச் சம்பளக்காரர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

6. படம்

போன் கேமரா போதும். காலை 8 முதல் 10 வரை எடுங்கள், ஜன்னல்களைத் திறந்து, லைட்டையும் போட்டுக்கொண்டு. போனைப் படுக்கை வாட்டமாக, நெஞ்சு உயரத்தில் பிடித்து, அறையின் மூலையில் நின்று எடுக்க வேண்டும். 0.5 என்ற அகல லென்ஸை விட்டுவிடுங்கள். பத்தடி அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும், நேரில் வந்தவர் வாசலிலேயே முகம் சுளிப்பார்.

வீட்டுக்கு 12 முதல் 15 படம். வாசல், ஹால் இரண்டு பக்கத்திலிருந்தும், ஒவ்வொரு பெட்ரூம், கிச்சன் மேடையும் பரணும், சிங்க்கும் குழாயும், வாஷிங் மெஷின் வைக்கும் இடம், துணி காயப்போடும் இடம், பால்கனியிலிருந்து தெரிவது, படிக்கட்டு, பார்க்கிங், வாசலில் நின்று தெருவின் இரு பக்கமும். பாத்ரூமைத் தரையோடு எடுங்கள். எல்லோரும் விட்டுவிடுவது அதைத்தான், பெண்கள் முதலில் தேடுவதும் அதைத்தான்.

குடியிருப்பவர் இன்னும் காலி செய்யவில்லை என்றால் அவர் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. பூஜை அலமாரி, குழந்தைகளின் படம், வண்டி நம்பர் ஆகியவை படத்தில் விழ வேண்டாம்.

போன் எடுக்கும் படம் ஒவ்வொன்றும் 3 முதல் 5 எம்பி இருக்கும். பதினைந்தையும் அப்படியே ஏற்றினால் ஒரு பக்கமே 60 எம்பி ஆகிவிடும். அகலத்தை 1,280 பிக்சலாகக் குறைத்து, வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவத்தில் 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். கீழே உள்ள படங்கள் விரல் தள்ளும்போது மட்டும் இறங்கட்டும். படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலையும் அழித்துவிடச் சொல்லுங்கள். வீடியோ வேண்டுமென்றால் ஒரே ஒரு எடுப்பு: கேட்டிலிருந்து நடந்து, படி ஏறி, வீட்டைச் சுற்றி, 90 நொடிக்குள். அதை யூடியூபில் ஏற்றி, தொட்டால் மட்டும் ஓடும்படி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும்போது கூடவே வரும் சிறு படத்தைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுக்கு வீடு அது தனியாக இருக்க வேண்டும்: 1,200×630 பிக்சல், 300 கேபிக்குள், ஹாலின் படம், மேலே 'பி-203, தஞ்சாவூர், 12,000' என்ற எழுத்து. சிங்கப்பூர் மகனுக்கு முதலில் தெரிவது அந்தப் படம்தான்.

7. தமிழ் எழுத்தும் தமிழ்ச் சொல்லும்

ஆங்கிலத்துக்கு எழுதிய டிசைனில் தமிழை அப்படியே ஊற்றினால் மூன்று இடத்தில் உடையும். முதலாவது, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் அமைப்பு. ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கும், தமிழில் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். அதைப் பூஜ்யமாக்குங்கள். இரண்டாவது, வரி உயரம். மேலே 'கீ', கீழே 'ழு' என்று நீள்கிற எழுத்துகளுக்கு எழுத்தளவைப்போல் 1.6 அல்லது 1.7 மடங்கு வேண்டும். எழுத்தளவு 17, 18 பிக்சலுக்குக் குறையக் கூடாது. மூன்றாவது, பட்டன் அகலம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடிவது தமிழில் 'பராமரிப்புக் கட்டணம்' என்று நீண்டு வெட்டுப்படும்.

எழுத்துரு யூனிகோடாகத்தான், அதாவது எல்லா போனும் படிக்கும் பொது எழுத்துமுறையில்தான், இருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேடமரன் இவை இலவசம், படிக்கவும் நன்றாக இருக்கும். அச்சகத்தில் நோட்டீஸ் அடித்தவர் தந்த பாமினி எழுத்தை ஒட்டினால், எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது. எழுத்துரு கோப்பில் தமிழ்ப் பகுதியும் எண்களும் மட்டும் இருந்தால் போதும், சாதாரணம், தடிமன் என இரண்டு கனம் போதும்.

சொல் விஷயத்தில் தூய்மை பார்க்க வேண்டாம். 'முன்வைப்புத் தொகை' என்று எழுதினால் பாதிப் பேர் ஒரு நொடி நின்று யோசிப்பார்கள். அட்வான்ஸ், மெயின்டனன்ஸ், கரண்ட் பில், லிஃப்ட் என்று பேசுகிறபடி எழுதுங்கள். 'லீஸ்' என்ற சொல்லை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள். மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கும் ஒத்தி ஏற்பாட்டைத்தான் இங்கே பலர் லீஸ் என்கிறார்கள். நீங்கள் வாடகை ஒப்பந்தத்தைச் சொல்லப்போய் அவர்கள் வேறு கணக்கோடு வந்து நிற்பார்கள்.

ஆங்கிலப் பக்கமும் வேண்டும். நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் துவாக்குடி என்ஐடிக்கும் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கும் வெளி மாநிலத்தவர் வருகிறார்கள். ஆனால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள், பக்கத்துக்குப் பக்கம் இணைப்பு கொடுங்கள். மொழி மாற்றும் பட்டனைத் தொட்டால் முகப்புக்குத் தூக்கிப் போடாமல், பார்த்துக்கொண்டிருந்த அதே வீட்டின் ஆங்கிலப் பக்கம் வர வேண்டும்.

8. போன், வாட்ஸ்அப், படிவம்

இதற்கென்று தனி சிம் வாங்குங்கள். மேனேஜர் மாறினாலும் நம்பர் மாறக் கூடாது. +91 சேர்த்தே போடுங்கள், துபாயிலிருந்து தொட்டாலும் போக வேண்டும். வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டதும் எழுதிய செய்தி தயாராக வரட்டும்: 'வணக்கம். பி-203 வீட்டைப் பார்க்க வேண்டும். எப்போது வரலாம்?' வீட்டு எண் ஒவ்வொரு பக்கத்திலும் தானாக மாற வேண்டும். இது இல்லாவிட்டால் நாள் முழுக்க 'ஹாய்' என்று மட்டும் வந்து குவியும், எந்த வீட்டைக் கேட்கிறார் என்று திருப்பிக் கேட்டே பாதி நேரம் போகும்.

படிவம் வைத்தால் நான்கு பெட்டிதான்: பெயர், போன், எத்தனை பேர், எப்போது குடிவருவீர்கள். சாதி, மதம் கேட்கும் பெட்டி கூடாது. ஆதாரும் கூடாது. ஒப்பந்தம் எழுதும் நாளில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை நேரில் வாங்கினால் போதும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், தேவையில்லாத விவரத்தைச் சேர்த்து வைப்பது சொத்து அல்ல, சுமை. வராதவர்களின் விவரத்தை 3 மாதத்தில் அழித்துவிடுங்கள்.

மோசடி இரண்டு திசையிலிருந்தும் வரும். உங்கள் படங்களைத் திருடி, பாதி வாடகை போட்டு வேறு எங்காவது விளம்பரம் செய்து, பார்க்காமலே அட்வான்ஸ் வாங்குவார்கள். படத்தின் நடுவில் மெலிதாகக் குடியிருப்பின் பெயரைப் பதியுங்கள். 'வீட்டை நேரில் பார்க்கும் முன் எங்களுக்கோ யாருக்கோ பணம் அனுப்ப வேண்டாம்' என்று எல்லாப் பக்கத்திலும் போடுங்கள். யுபிஐ கியூஆர் படத்தை வெப்சைட்டில் வைக்காதீர்கள். இன்னொரு பக்கம், 'ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க' என்று மேனேஜருக்கு போன் வரும். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். போன் எடுப்பவர் யாரோ, அவருக்கு இதை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்.

9. கூகுளில் கிடைக்க

மயிலாடுதுறையில் வீடு தேடுகிறவர் 'மாயவரம்' என்றும் தேடுவார். கும்பகோணத்துக்குக் 'குடந்தை' உண்டு, தஞ்சாவூருக்குத் 'தஞ்சை' உண்டு, ஆங்கிலத்தில் இரண்டு விதமான எழுத்துக்கூட்டு உண்டு. பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார்கள். எல்லா வடிவத்தையும் ஒரே வரியில் அடுக்காதீர்கள், பார்க்கவே மோசடி வெப்சைட் மாதிரி இருக்கும். தலைப்பில் ஒரு வடிவம், வழி சொல்லும் பத்தியில் ஒன்று, ஆங்கிலப் பக்கத்தில் மற்றவை என்று இயல்பாகப் பரப்புங்கள்.

கூகுள் பிசினஸ் கணக்கில் வரைபடப் புள்ளியைக் கட்டடத்தின் நடுவில் வைக்காமல் கேட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆட்டோ பின்பக்கத் தெருவில் போய் நிற்கும். பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் கொடுங்கள். வழியை மனிதர் சொல்வதுபோல் எழுதுங்கள்: புதிய பேருந்து நிலையத்திலிருந்து வந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மூலையில் என்ன கடை, லாரியில் சாமான் வந்தால் தெருவுக்குள் நுழையுமா. கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை. கும்பகோணத்தின் பழைய தெருக்களில் அதுதான் பெரிய தலைவலி.

10. வெளியிடும் முன் சோதனை

விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்து, வைஃபையை அணைத்து, பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பாருங்கள். முக்கியப் படம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். படம் இறங்கும்போது எழுத்து கீழே குதித்தால், படத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கவில்லை என்று அர்த்தம். வாட்ஸ்அப்பைத் தொடப்போய் போன் அழைப்பு போகிறதா? பட்டன் உயரம் 48 பிக்சலுக்குக் குறைவு, அல்லது இரண்டும் ஒட்டி இருக்கின்றன.

பிறகு மூன்று பேரிடம் கொடுங்கள்: அறுபதைத் தாண்டிய ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் ஒருவர். 'பி-203க்குக் குடிவர மொத்தம் எவ்வளவு கொண்டுவரணும்?' என்று மட்டும் கேளுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் பதில் வரவில்லையென்றால் பக்கத்தைத் திருத்துங்கள், அவர்களுக்கு விளக்கம் சொல்லாதீர்கள்.

11. ஆண்டு முழுவதும்

டெல்டாவில் வீடு மாறுவதற்குக் காலம் உண்டு. மே, ஜூனில் மாற்றலும் கல்லூரிச் சேர்க்கையும். ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பால் மட்டும் காய்ச்சிவிட்டு, சாமானோடு ஆவணியில் வருகிறவர்கள் நிறைய. அப்போது வாடகை எந்தத் தேதியிலிருந்து? இதற்கு ஒரு முடிவெடுத்து விதிகள் பக்கத்தில் போடுங்கள்: 'பால் காய்ச்சச் சாவி தருவோம், வாடகை சாமான் இறக்கும் நாளிலிருந்து, அதிகபட்சம் 15 நாள் வரை பொறுப்போம்' என்பதுபோல. இந்த ஒரு வரிக்காகவே ஆனி மாதத்தில் உங்களைக் கூப்பிடுவார்கள். மார்கழியிலும் இதே கதை, தை பிறந்ததும் கூட்டம் வரும். ஷீட்டில் 'காலியாகப் போகிறது' என்ற நிலையை இந்த மாதங்களுக்கு மூன்று வாரம் முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். நல்ல மழை பெய்து ஒரு மணி நேரம் கழித்து, கேட்டிலிருந்து தெருவை ஒரு படம், பார்க்கிங்கை ஒரு படம். தேதியோடு 'இடமும் சுற்றுப்புறமும்' பக்கத்தில் போடுங்கள். தண்ணீர் நின்றால் எவ்வளவு, எத்தனை மணியில் வடிந்தது என்று எழுதுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபின் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர்கள் இவை. ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் இருப்பு வைக்கிறீர்கள், அதில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும் என்ற வரியை மழைக்காலத்தில் தேடிப் படிப்பார்கள்.

மாதக் கடைசியில் அந்தப் பழைய நோட்டை மறுபடி திறங்கள். வெப்சைட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர்கள் என்ன கேட்டார்கள்? ஒரே கேள்வி மூன்று முறை வந்திருந்தால், பதில் பக்கத்தில் இல்லை அல்லது கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. அன்றைக்கே மேலே ஏற்றுங்கள்.